லிஃப்ட் நல்ல நிலையில் இயங்கி வருகிறது

தன் லிஃப்ட் ஓடுகிறது என்ற விஷயம் லிஃப்ட்காரனுக்குப் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பேப்பரைக் கொண்டுவந்தவள் அவன் மனைவி. நகரப் பேருந்தில் கண்டக்டர். பயணிகள் விட்டுப்போகிற குடையையும் சாப்பாட்டு டப்பாவையும் டிப்போவில் ஒப்படைத்துவிட வேண்டும். பேப்பரை மட்டும் யாரும் தேடி வருவதில்லை. அதனால் அவர்கள் வீட்டில் காசு கொடுத்துப் பேப்பர் வாங்கும் வழக்கம் இல்லை. அன்று மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்தவள், தோளில் தொங்கிய டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல், மடித்த பக்கத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதைப் படிங்க."

சட்டமன்றச் செய்தி. அரசு மகப்பேறு மருத்துவமனையில் லிஃப்ட் வேலை செய்கிறதா, இல்லையென்றால் எப்போதிலிருந்து, ஏன் என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். மந்திரி எழுத்தில் கொடுத்த பதில் ஒரே வரி. லிஃப்ட் நல்ல நிலையில் இயங்கி வருகிறது.

அவன் வாயில் போட்ட முட்டையை மெல்ல மறந்தான்.

"நம்ம ஆஸ்பத்திரியா?"

"ஊர்ல வேற எத்தனை பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு?"

"யாரு கேட்டது?"

"மந்திரி முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்காரு. அதுக்குக் கோவம் வரலை. யாரு கேட்டதுன்னு கேக்கறீங்க."

"அது தினம் நடக்கறதுதானே. இத்தனை வருஷத்துல என்னையே ஒருத்தன் கேக்கலை. அவ்வளவு பெரிய சபையில உட்கார்ந்துக்கிட்டு என் லிஃப்டைப் பத்தி கேக்கணும்னு யாருக்குத் தோணிச்சுன்னுதான் பார்க்கறேன்."

எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக் அவன். அம்மா போன பிறகு அக்காவின் கையில் வளர்ந்தவன். கல்யாணமாகி அவள் வந்தபோது கூடவே வந்துவிட்டான். மாமனும் மச்சினனும் ஒரே லிஃப்டை நம்பிப் பிழைப்பதைத் தெருவில் எல்லாரும் வேடிக்கையாகச் சொல்வார்கள். ஓட்டாத லிஃப்டுக்கு ஓர் ஆபரேட்டர், ஓடாத லிஃப்டுக்கு ஒரு மெக்கானிக்.

நடந்தது இதுதான். ஒரு மழைக்காலத்தில் மொட்டை மாடியில் மோட்டார் இருக்கும் அறைக்குள் தண்ணீர் இறங்கி மோட்டார் கருகிப்போயிற்று. எண்ணெய் போடுவதும் துடைப்பதும்தான் எங்கள் ஒப்பந்தம், மோட்டார் அதில் சேராது என்றது கம்பெனி. புது மோட்டாருக்கு அனுமதி கேட்டு ஆஸ்பத்திரி மேலே எழுதியது. மேலே போன காகிதம் கீழே இறங்கவில்லை. ஆனால் பராமரிப்பு ஒப்பந்தம் வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மச்சினன் வந்து, அசையாத கம்பி வடத்துக்கு எண்ணெய் போட்டு, கதவைத் துடைத்து, பராமரிப்பு முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். அந்தக் கையெழுத்தை வைத்துக் கம்பெனிக்குப் பணம் போகும்.

பிரசவ வார்டு மூன்றாம் மாடியில். கீழ்த்தளத்தில் ஆபீஸ். நிறைமாதப் பெண்களை மேலே கொண்டுபோக ஆஸ்பத்திரி கண்டுபிடித்த வழி, கைப்பிடி வைத்த ஒரு மர நாற்காலி. தூக்குவதற்கு இரண்டு பேர். ஒருவன் லிஃப்ட்காரன். இன்னொருவன் வார்டு ஆள். உள்ளங்கை முறம் மாதிரி இருப்பதால் எல்லாரும் அவனைப் பெரியகை என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெரியகை மேல்பக்கம் பிடித்துப் பின்னோக்கி நடந்து ஏறுவான். லிஃப்ட்காரன் கீழ்ப்பக்கம். பாரம் முழுக்கக் கீழ்ப்பக்கத்துக்காரன் மேல்தான் இறங்கும். அதோடு நாற்காலியில் இருப்பவளின் முகம் அவன் முகத்துக்கு நேராக இருக்கும். வலியில் அவள் பல்லைக் கடிப்பதும், விழுந்துவிடுவோமோ என்று கண்ணை இறுக்குவதும் இவன் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். "மூச்சை மெதுவா விடும்மா. திருப்பம் வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே ஏறுவான். திருப்பத்தில் சுவரில் முட்டி இடிக்காமல் நாற்காலியைச் சாய்ப்பதில்தான் வித்தை. மழை நாளில் படி வழுக்கும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முழங்கால் தனியாக ஒரு பாஷை பேசும். கண்டக்டரும் நாள் முழுக்க நின்றவள்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கெட்டில் சுடுதண்ணீர் ஊற்றிக் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பேப்பரில் செய்தி வந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி அவனைக் கூப்பிட்டனுப்பினார். ஏ.ஓ. என்றால் எல்லாருக்கும் தெரியும். கெட்டவர் இல்லை, தலைக்கு மேல் வெள்ளம் போகிற மாதிரியே எப்போதும் முகத்தை வைத்துக்கொண்டிருப்பவர்.

"சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழு வருது. கேள்வி கேட்டாங்களே, அந்தம்மாவும் அதுல இருக்காங்க. பதில் திருப்தி இல்லையாம். நேர்ல பார்க்கணுமாம்."

"பார்க்கட்டுங்க. நல்லதுதானே."

"நல்லதுதான். அவங்க வரும்போது லிஃப்ட் ஓடும்."

லிஃப்ட்காரனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "எப்படிங்க?"

எப்படி என்பது மறுநாள் தெரிந்தது. கம்பெனி வண்டியில் ஒரு மோட்டார் வந்து இறங்கியது. கூடவே மச்சினனும் இரண்டு ஆட்களும். புதுசு இல்லை, ஆனால் நன்றாகப் பராமரித்த மோட்டார். எங்கிருந்து என்று கேட்டதற்கு மச்சினன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"நிதித்துறை ஆபீஸ் லிஃப்டுது, மாமா. ரெண்டும் ஒரே சமயத்துல கட்டின கட்டடம், ஒரே மாடல். சர்வீசுக்கு எடுத்துட்டுப் போறோம்னு சொல்லிக் கழட்டிட்டு வந்தோம். குழு வந்துட்டுப் போனதும் திரும்ப மாட்டிடணும்."

"நமக்கு மோட்டார் வாங்கப் பணம் தர மாட்டேன்னு உட்கார்ந்திருக்கறது அவங்கதானே?"

"அவங்களேதான்."

மோட்டாரை மாட்டி, வடத்தை இழுத்துப் பார்த்து, மச்சினன் மேலேயிருந்து குரல் கொடுத்தபோது லிஃப்ட்காரன் கூண்டுக்குள் நின்று பொத்தானை அழுத்தினான். ஒரு முனகல். பிறகு தரை காலைத் தூக்கியது. மூன்றாம் மாடியில் கதவு திறந்ததும் மச்சினன் எண்ணெய்க் கையோடு ஓடிவந்து ஏறிக்கொண்டான். இரண்டு பேரும் கீழே போனார்கள். திரும்ப மேலே வந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் அசட்டுச் சிரிப்பு. துப்புரவுப் பெண்கள் கேள்விப்பட்டு வாளியும் துடைப்பமுமாக ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். பெரியகை மட்டும் ஏறவில்லை.

"நாலு நாள் சொகுசு எதுக்கு? அப்புறம் நாற்காலியைத் தூக்கக் கை வராது" என்றான்.

ஏ.ஓ. திரும்பவும் கூப்பிட்டார்.

"ஓடுதான்னு கேட்டா ஓடுதுன்னு சொல்லு. பொய் இல்லையே?"

"போன வாரம் ஓடிச்சான்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. ஏறிப் பார்ப்பாங்க, டீ குடிப்பாங்க, போயிடுவாங்க."

"ஒருவேளை கேட்டுட்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படிக் கேட்டா, லிஃப்ட் ஆபரேட்டர்னு இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினியே, என்ன ஓட்டினேன்னு அடுத்த கேள்வி உனக்கு வரும். ஓடாத லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டது யாருன்னு அதுக்கடுத்த கேள்வி. அது உன் மச்சினன். யோசிச்சுக்கோ."

வீட்டில் இதைச் சொன்னபோது கண்டக்டர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"என் தம்பி பேரு வெளியில வரக் கூடாது."

"நீதானே மந்திரி பொய் சொன்னாருன்னு குதிச்சே."

"மந்திரி பொய் சொன்னா மந்திரிக்கு என்ன ஆகப்போகுது? இவன் மாட்டினா இவன் வேலை போயிடும். கம்பெனிக்காரன் சுளுவா இவன் தலையில கட்டிட்டுக் கையைக் கழுவிடுவான்."

"அக்கா, நான் முதல் தடவையே ஏ.ஓ. கிட்ட வாய்விட்டுச் சொன்னேன்" என்றான் தம்பி. "மோட்டார் இல்லாம எதைப் பராமரிக்கறதுன்னு கேட்டேன். மாமாவும் நின்னாரு. நீ வந்து பார்த்ததுக்குத்தானே கையெழுத்து, போடுன்னாங்க. கம்பெனியிலயும் அதையேதான் சொன்னாங்க."

"வாய்ல சொன்னது காத்தோட போச்சு. கைல போட்டது இருக்கில்ல?"

அவள் லிஃப்ட்காரன் பக்கம் திரும்பினாள். "ஓடுதுன்னு சொல்லிட்டு வந்துடுங்க. எனக்காக."

குழு வந்த அன்று ஆஸ்பத்திரி முழுக்க பினாயில் வாசனை. பத்துப் பேர் போல வந்தார்கள். தலைவர் எதிர்க்கட்சிக்காரர், வயதானவர். கேள்வி கேட்ட உறுப்பினரைப் பார்க்கத்தான் லிஃப்ட்காரனுக்கு ஆசை. கட்டைகுட்டையாக, பெரிய கைப்பை வைத்துக்கொண்டு, ஆளுங்கட்சியிலேயே இருக்கும் ஒரு பெண்மணி. அரசியலுக்கு வருமுன் மாட்டு டாக்டராக இருந்தாராம். வாயில்லா ஜீவனுக்கு என்ன நோவு என்று கண்டுபிடித்துப் பழகியவர், வாயுள்ள மனிதர்களைச் சும்மா விடுவாரா என்று பெரியகை காதில் கிசுகிசுத்தான்.

கூண்டுக்குள் ஏறியதும் அவர் கேட்டார். "நீங்கதான் ஆபரேட்டரா?"

"ஆமாங்க."

"ஓடுதா?"

"ஓடுதுங்க."

வேறு எதுவும் கேட்கவில்லை. ஏ.ஓ. மூச்சு விடுவது லிஃப்ட்காரனுக்குக் கேட்டது. மேலே போனதும் மற்றவர்கள் தலைமை டாக்டரோடு நடக்க, அந்தம்மா ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை பெற்று ஒரு வாரமான சின்னப் பெண். தையல் பிரிந்ததால் இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

"பிள்ளை உன் ஜாடையா, அப்பா ஜாடையா?"

"எங்க மாமியார் ஜாடைங்க" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"வலியோட வந்தப்ப இவ்வளவு உசரம் எப்படி ஏறினே?"

"நான் எங்க ஏறினேன்? நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. அதோ, அந்த அண்ணன்தான். நாற்காலியிலேர்ந்து இறக்கறப்ப நான் அவரு கையைக் கடிச்சுட்டேன். ஒண்ணும் சொல்லலை பாவம். மூச்சை மெதுவா விடும்மான்னாரு."

வார்டே திரும்பி லிஃப்ட்காரனைப் பார்த்தது. அவன் தரையைப் பார்த்தான். அந்தம்மா எழுந்து வந்து, அவன் கையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "வலிச்சுதா?" என்று மட்டும் கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான். திரும்பிப் போகும்போது தலைவர் ஏ.ஓ.விடம், அடுத்த வாரம் சட்டமன்றத்தில் குழு அறைக்குத் துறைச் செயலாளரோடு நீங்களும் வாருங்கள், ஆபரேட்டரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

அந்த வாரம் முழுக்கக் கண்டக்டர் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ்ஸில் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துத் திட்டு வாங்கினாள். லிஃப்ட்காரனுக்கும் பயம்தான். ஆனால் பயத்துக்கு நடுவில் ஒரு குறுகுறுப்பும் இருந்தது. அந்த அறை எப்படி இருக்கும், அங்கே யார் யாரை எப்படிக் கேட்பார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

குழு அறை அவன் நினைத்த மாதிரி இல்லை. பெரிய மேடையோ உயரமான நாற்காலியோ இல்லை. லாட வடிவத்தில் ஒரு மேஜை, சுற்றி உறுப்பினர்கள், திறந்த பக்கத்தில் அதிகாரிகள். எல்லாருக்கும் ஒரே மாதிரித் தண்ணீர் டம்ளர். கோர்ட் மாதிரிக் கூண்டு இருக்கும், அதில் ஏற்றி நிறுத்துவார்கள் என்று நினைத்திருந்தான். ஏ.ஓ.வுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு நாற்காலி காட்டினார்கள். தலைமை டாக்டர், சுகாதார இயக்குநர், செயலாளர், நிதித்துறையிலிருந்து ஒருவர் என்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் யாரைக் கண்டால் எல்லாரும் சுவரோடு ஒட்டி வழிவிடுவார்களோ, அவர்கள் இங்கே பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி காகிதத்தை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் வழவழவென்று பேசினார். லிஃப்டில் அவ்வப்போது சிறு பழுதுகள் உண்டு, உடனுக்குடன் சரிசெய்யப்பட்டன, பராமரிப்புக் கம்பெனியின் மெக்கானிக் ஒவ்வொரு முறையும் வந்து பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார், தவறு ஏதும் நடந்திருந்தால் அவர் மட்டத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்றார்.

ஓடுது என்று சொல்லிவிட்டு வந்தால் மச்சினன் தப்புவான் என்றுதானே வீட்டில் கணக்குப் போட்டார்கள். இங்கே, ஓடுது என்றாலும் ஓடலை என்றாலும் கயிறு அவன் கழுத்துக்குத்தான் வருகிறது.

லிஃப்ட்காரன் எழுந்து நின்றுவிட்டான். நிற்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஏ.ஓ. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சொல்லுங்க" என்றார் தலைவர்.

"ஐயா, அந்த மெக்கானிக் சொன்னாருங்க. மோட்டார் எரிஞ்சுடுச்சு, ஓடாதுன்னு முதல் தடவையே சொன்னாரு. நான் பக்கத்துல இருந்தேன். அவரு என் மச்சினன்தாங்க. அதுக்காகச் சொல்லலை. சொன்னாருங்க."

"ஆஸ்பத்திரியில என்கிட்ட ஓடுதுன்னு சொன்னீங்களே?" என்றார் அந்தம்மா.

"அன்னிக்கு ஓடிச்சுங்க."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. "அதுக்கு முன்னாடி?"

"மோட்டார் எரிஞ்ச நாள்லேர்ந்து ஓடலைங்க. நாங்க நாற்காலியில தூக்கினோம்."

"மெக்கானிக் யார்கிட்ட சொன்னாரு?"

"ஏ.ஓ. சார்கிட்டங்க."

அந்தம்மா ஏ.ஓ.வைப் பார்த்தார். அவர் எழுந்து, ஆமாம், சொன்னார், நான் தலைமை டாக்டர் மூலமாக இயக்குநருக்கு எழுதினேன் என்றார். அந்தம்மா இயக்குநரைக் கேட்டார். செயலகத்துக்கு அனுப்பினேன் என்றார் அவர். செயலாளரைக் கேட்டார். நிதித்துறையின் ஒப்புதலுக்குப் போனது என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. மாட்டின் கால் குளம்பிலிருந்து மேல்நோக்கி அமுக்கிக்கொண்டே வந்து, எங்கே உதைக்கிறது என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொருவராகக் கேட்டார்.

நிதித்துறைக்காரர், கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்றார்.

"ஓடாததுக்குப் பராமரிப்புப் பணம் வருஷா வருஷம் போயிருக்கு. ஓட வைக்கிறதுக்கு மட்டும் பரிசீலனையா?"

"சிக்கனம் பார்க்க வேண்டியிருக்குங்க, மேடம்."

"சரி. உங்க ஆபீஸ் எந்த மாடி?"

"நாலாவதுங்க."

"லிஃப்ட்ல போவீங்களா?"

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "கொஞ்ச நாளா படியிலதாங்க. எங்க மோட்டார் சர்வீசுக்குப் போயிருக்கு."

லிஃப்ட்காரனின் கண் தன்னையறியாமல் ஏ.ஓ. பக்கம் போனது. அந்தம்மாவும் அந்தப் பக்கமே பார்த்தார். "ஏ.ஓ. சார், ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு மோட்டார் எங்கேர்ந்து வந்துச்சு?"

ஏ.ஓ. ஒரு வாய் தண்ணீர் குடித்தார். சொன்னார். சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் அந்த வெள்ளம் வடிந்த மாதிரி ஓர் அமைதி.

ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் மேஜை முழுக்கச் சிரித்தது. நிதித்துறைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் தலைவர் குறிப்பெழுதுபவரிடம் நிதானமாகச் சொன்னார். "புது மோட்டார் வர்ற வரைக்கும் இந்த மோட்டார் ஆஸ்பத்திரியிலேயே இருக்கணும்னு குழு கருதுது. எழுதிக்கங்க."

வெளியே வராந்தாவில் அந்தம்மா டீ குடித்துக்கொண்டு நின்றபோது லிஃப்ட்காரன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனான். "இவ்வளவுதானாங்க? யாருக்கும் தண்டனை கிண்டனை கிடையாதா?"

"எங்களால ஒருத்தரை வேலையை விட்டு எடுக்க முடியாது. ஒரு பல்பு மாட்டக்கூட உத்தரவு போட முடியாது" என்றார் அவர். "கேக்கலாம். கேட்டதையும் அவங்க சொன்னதையும் எழுதிச் சபையில வைக்கலாம். வச்சதுக்கு என்ன பண்ணினீங்கன்னு மறுபடி கேக்கலாம். அவ்வளவுதான் எங்க கையில இருக்கு."

"அதுக்கா அவ்வளவு பெரிய ஆளுங்க நடுங்கினாங்க?"

"எனக்கும் அது ஆச்சரியமாத்தான் இருக்கு" என்று சிரித்தார்.

புது மோட்டாருக்கான உத்தரவு வந்த வேகத்தை ஆஸ்பத்திரியில் கதை கதையாகப் பேசினார்கள். நாலு மாடி ஏறி இறங்கினால் கையெழுத்து தானாக விழும் என்றான் பெரியகை. நாற்காலியை ஸ்டோர் ரூமில் போட்டார்கள். லிஃப்ட்காரனுக்கு ஒரு விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது, அவன் பதில் எழுதினான், அதோடு நின்றது.

மச்சினனுக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி அந்தக் கம்பெனியை மாற்றியது. கம்பெனி, பொய்யாகக் கையெழுத்திட்டான் என்று சொல்லி அவனை வேலையிலிருந்து எடுத்தது. கண்டக்டர் எதைச் சொல்லிப் பயந்தாளோ, அது எழுத்துக்கு எழுத்து நடந்தது.

அதற்குப் பிறகு அவள் லிஃப்ட்காரனோடு பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், சட்டையைத் துவைத்துப் போடுவாள், ஒரு வார்த்தை வராது. சாயங்காலம் பக்கெட்டில் காலை விட்டுக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பி மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் தினக்கூலிக்குப் போனான். வார்னிஷ் வாசனையோடு வருவான். ஒரு நாள் இந்த ஊமை நாடகம் தாங்காமல் அவனே பேசினான்.

"விடுக்கா. மாமா சொல்லாம இருந்திருந்தாலும் என் தலையிலதான் விழுந்திருக்கும். நான் சொன்னேன்னு உலகத்துல ஒரே ஒரு ஆளு சொன்னாரு. அது மாமாதான்."

அவள் பக்கெட்டிலிருந்து காலை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். பிறகு, மாதக்கணக்கில் மூடியிருந்த வாயைத் திறந்து, புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தம்மாவை யாரு வேணா போய்ப் பார்க்கலாமா?"

"வெள்ளிக்கிழமை காலைல ஜனங்களைப் பார்ப்பாங்களாம். எதுக்கு?"

அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு மத்தியான ஷிப்ட். யூனிபார்மைப் போட்டுக்கொண்டே கிளம்பினாள். என்ன பேசப்போகிறாளோ என்று அவனும் கூடப் போனான். ஒரு கடைக்கு மேலே இருந்த சின்ன அறை, பெஞ்சில் கூட்டம். முதியோர் பணம் வராதவர், சாக்கடை அடைத்துக்கொண்ட தெருக்காரர்கள். இவர்கள் முறை வந்தபோது அந்தம்மா லிஃப்ட்காரனை அடையாளம் கண்டு, "லிஃப்ட் எப்படி இருக்கு?" என்றார்.

"லிஃப்ட் நல்லா இருக்குங்க" என்றாள் கண்டக்டர். "நான் கேக்க வந்தது வேற. என் தம்பி மெக்கானிக். நீங்க கேட்ட கேள்வியில பெரிய ஆளுங்க எல்லாம் தண்ணி குடிச்சிட்டு அவங்கவங்க சீட்டுக்குப் போயிட்டாங்க. சொன்னவன் ஒருத்தன், அவன் வேலை போயிடுச்சு. நீங்க கேக்கறப்போ இது நடக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

லிஃப்ட்காரனால் உட்காரவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. உதவிக்கு இருந்த ஆள், "அம்மா, மேடம் கிட்ட இப்படி" என்று ஆரம்பித்தார். அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியாது" என்றார். "நினைச்சுப் பார்க்கலை."

"இப்ப நினைச்சுப் பாருங்க."

"கம்பெனி தனியாரு. அவங்க யாரை வேலைக்கு வச்சுக்கணும்னு நான் சொல்ல முடியாது."

"அதுவும் எனக்குத் தெரியும். பஸ்ல டிக்கெட் எடுக்காதவனைக் கேட்டா, அவனும் இப்படித்தான் முடியாத காரணமா நாலு சொல்வான். நான் உங்களை இறங்குன்னு சொல்லலை. என்ன முடியும்னு கேக்கறேன்."

அந்தம்மா அவளையே பார்த்தார். நிறையப் பேரைக் கேள்வி கேட்டவர். எதிரில் உட்கார்ந்து கேட்கப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்திருக்குமோ என்னவோ. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார் கடைசியில்.

"சரி. அடுத்த வெள்ளிக்கிழமையும் எனக்கு மத்தியான ஷிப்ட்தான்" என்று எழுந்தாள்.

போனாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் போனாள். ஒரு தடவை அந்தம்மா ஊரில் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். பிறகு ஒரு நாள் மச்சினன் பேருக்குச் சட்டமன்றச் செயலகத்திலிருந்து தபால் வந்தது. எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் பராமரிப்பு ஒப்பந்தங்கள் எப்படி நடக்கின்றன என்று குழு விசாரிக்கப்போகிறது. கையெழுத்துப் போட்டவர்களையும் நேரில் கேட்க விரும்புகிறது.

அந்தக் காலையில் அவள் தம்பியின் சட்டையை இரண்டு தடவை தேய்த்தாள். லிஃப்ட்காரன் அறையின் வடிவத்தை விரலால் மேஜைமேல் வரைந்து காட்டினான். இங்கே தலைவர், இங்கே எழுதுகிறவர். "உன்னைச் சுவரோரமா உட்கார வைக்க மாட்டாங்க, மாப்ளே. சாட்சின்னா முன்னாடிதான்."

"முனகாதே. பஸ்ல கடைசி சீட்டுக்குக் கேக்கற மாதிரி பேசு" என்றாள் அக்கா.

அவளையும் லிஃப்ட்காரனையும் உள்ளே விடவில்லை. வராந்தாத் தூணோரம் இருவரும் நின்றார்கள். கதவு திறந்து அவன் வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"எண்ணெய் எங்க போடுவேன்னுலேர்ந்து ஆரம்பிச்சாங்கக்கா. கையெழுத்து ஏன் போட்டேன்னு கேட்டாங்க. போடச் சொன்னாங்க, பயந்து போட்டேன்னேன். வேலையை ஏன் விட்டேன்னு ஒருத்தர் கேட்டாரு. நான் விடலைங்க, எடுத்தாங்கன்னேன். உண்மையைச் சொன்ன ஆளு மேல மட்டும் நடவடிக்கை ஏன்னு துறை எழுத்துல பதில் தரணும்னு அந்தம்மா சொன்னாங்க. வெளியில வரும்போது, புதுக் கம்பெனிக்காரரு வேலைக்கு வரியான்னு கேட்டாரு. யோசிச்சுச் சொல்றேன்னுட்டேன்."

மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"நீ சொன்னியே, எடுத்தாங்கன்னு. அதை எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதினாங்கக்கா."

"எழுதறதைக் கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.